லேப்டாப்பில் வைஃபை இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லேப்டாப் வாங்கியவர்கள், அண்ணனோ அக்காவோ கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல வைஃபை இருக்கா, இல்லையா?" நான் பார்த்தவரை, இல்லை என்று நினைத்துக் கொண்டுவரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் வைஃபை இருக்கிறது. யாரோ அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது அதற்கான டிரைவர் (அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏறியிருக்காது. உள்ளே வைஃபை கார்டே இல்லாமல் இருப்பது, கார்டு இருந்தும் அணைந்து கிடப்பது, கார்டு இருந்தும் விண்டோஸுக்கு அதைத் தெரியாமல் இருப்பது என மூன்றும் வெவ்வேறு. எது என்று தெரியாமல் டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன வைஃபை கருவி) வாங்க வேண்டாம், சர்வீஸ் கடைக்கும் போக வேண்டாம்.

ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் செட்டிங்ஸைத் திறந்து "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" பக்கத்துக்குப் போங்கள். வைஃபை என்று ஒரு வரி இருந்தால் கார்டு இருக்கிறது, டிரைவரும் வேலை செய்கிறது. பக்கத்தில் உள்ள பொத்தானை ஆன் செய்தால் சுற்றியுள்ள இணைப்புகளின் பெயர்கள் வரும். அவ்வளவுதான், மேலே படிக்கத் தேவையில்லை.

கீழே வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள குறியையும் பாருங்கள். விசிறி விரித்ததுபோல் வளைவுகள் தெரிந்தால் அது வைஃபை. விமானப் படம் தெரிந்தால் ஏர்பிளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறது, அதை அணைத்தால் போதும். உருண்டையான பூமிப் படம் மட்டும் தெரிந்தால் இப்போது எந்த இணைப்பும் இல்லை என்று பொருள். வைஃபை இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. பூமிப் படத்தைப் பார்த்துத்தான் நிறையப் பேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

செட்டிங்ஸில் வைஃபை வரியே இல்லை. அப்படியென்றால் கார்டு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னும் இல்லை. அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் டிவைஸ் மேனேஜர். கீபோர்டில் விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். விண்டோஸ் 7 என்றால் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து "மேனேஜ்" வழியாகப் போக வேண்டும். அதில் "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற வரியை விரியுங்கள்.

பெயரில் வயர்லெஸ், வைஃபை, டபிள்யூலான், 802.11, டூயல் பேண்ட், சென்ட்ரினோ இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அதுதான் வைஃபை கார்டு. ஈதர்நெட், கிகாபிட், ஜிபிஇ என்று இருப்பவை கேபிள் செருகும் போர்ட்டுக்கானவை. "வான் மினிபோர்ட்" என்று தொடங்கி ஏழெட்டு வரிகள் இருக்கும். அவை விண்டோஸ் தானாக உருவாக்கிக்கொண்டவை, எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கும். வான் என்பதை டபிள்யூலான் என்று வாசித்துவிட்டு "வைஃபை இருக்குதே" என்று ஏமாந்தவர்கள் உண்டு, கவனம்.

வைஃபை பெயர் கண்ணில் பட்டுவிட்டால் அதன் ஐகானை உற்றுப் பாருங்கள். கீழ்நோக்கிய சிறிய அம்பு இருந்தால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து "எனேபிள்" கொடுங்கள், முடிந்தது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் கார்டு இருக்கிறது, டிரைவரில் சிக்கல்.

பெயரே இல்லையென்றால் மேலே "வியூ" மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" என்பதை டிக் செய்து பாருங்கள். மங்கலான எழுத்தில் ஒரு வைஃபை கார்டின் பெயர் தோன்றினால், இந்த விண்டோஸ் முன்பு எப்போதோ அந்தக் கார்டைப் பார்த்திருக்கிறது, இப்போது பார்க்க முடியவில்லை. கார்டு ஸ்லாட்டில் தளர்ந்திருக்கலாம், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸில்) அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது உயிர் போயிருக்கலாம். இந்த நிலையில் ஒரு எளிய வைத்தியம் பல முறை கைகொடுத்திருக்கிறது. லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரை உருவி, பேட்டரி கழற்ற வருமானால் அதையும் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். மறுபடி ஆன் செய்து பாருங்கள்.

"அதர் டிவைசஸ்" என்ற தலைப்பில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று மஞ்சள் குறியோடு இருக்கிறது. அது என்ன?

பெரும்பாலும் அதுதான் உங்கள் வைஃபை கார்டு. புதிதாக விண்டோஸ் போட்ட லேப்டாப்பில் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். கார்டு உள்ளே இருக்கிறது, மின்சாரமும் போகிறது, டிரைவர் மட்டும்தான் பாக்கி. (அதே இடத்தில் "ஈதர்நெட் கன்ட்ரோலர்" என்று இருந்தால் அது கேபிள் போர்ட்டின் டிரைவர்.)

எந்த நிறுவனத்தின் கார்டு என்று கண்டுபிடிக்க அதை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். நீளமான ஒரு வரி வரும். அதில் 8086 என்ற எண் இருந்தால் இன்டெல் கார்டு. வேறு எண் என்றால் அந்த வரியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடினால் பெயர் வந்துவிடும். ஆனால் டிரைவரை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில், லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கொடுத்து எடுப்பதுதான் நல்லது. "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். டிரைவரோடு வேண்டாத பலதையும் ஏற்றிவிடும்.

வைஃபை வேலை செய்தால்தானே டிரைவரை டவுன்லோடு செய்ய முடியும்?

நியாயமான கேள்வி. பதில் உங்கள் போனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை ஆன் செய்யுங்கள். சில விநாடிகளில் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். லேப்டாப் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், வைஃபை டிரைவர் தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே கேபிள் வழியாகக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் மட்டும் டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளில் டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடக்கும்.

நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பாதி நேரம் அதுவே வைஃபை டிரைவரைத் தேடிப் போட்டுவிடும்.

லேப்டாப்பில் வைஃபைக்கென்று தனி சுவிட்ச் இருக்குமா?

பழையவற்றில் இருக்கும். இந்தச் சுவிட்சைப் பற்றி எனக்கு ஒரு அனுபவம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மகன் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். "தம்பி, இதுல வைஃபை செத்துப்போச்சு. டாங்கிளோ என்னமோ சொல்றாங்களே, ஒண்ணு ஆர்டர் போட்டுக் குடுப்பா" என்றார். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் தெளிவாக இருந்தது. மஞ்சள் குறியும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. ஆனால் செட்டிங்ஸில் வைஃபையை ஆன் செய்தால் நிற்கவில்லை, தானாக அணைந்துகொண்டே இருந்தது. லேப்டாப்பைத் தூக்கி அதன் முன்விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தேன். டச்பேடுக்கு நேர் கீழே, நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்னச் சுவிட்ச். இடப்பக்கம் தள்ளியிருந்தது. வலப்பக்கம் தள்ளியதும் உள்ளே பச்சைப் புள்ளி தெரிந்தது, விளக்கு எரிந்தது. "ஐயா, பையில வைக்கும்போது தள்ளியிருக்கும்" என்றேன். அவர் வீட்டு ரவுட்டரின் பெயர் திரையில் வர, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அந்த மாதிரிச் சுவிட்ச் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ இருக்கும். அது கார்டின் ரேடியோவையே நேரடியாக அணைத்துவிடும் என்பதால் விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. கொஞ்சம் புதிய லேப்டாப்களில் சுவிட்சுக்குப் பதில் மேல்வரிசைக் கீ ஒன்றில் விமானப் படமோ ஆன்டெனா படமோ இருக்கும். எஃப்2, எஃப்8, எஃப்12 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைத் தனியாகவோ, எஃப்என் கீயோடு சேர்த்தோ அழுத்திப் பாருங்கள். சிலவற்றில் அந்தக் கீயிலேயே விளக்கு இருக்கும், ஆரஞ்சு என்றால் அணைந்திருக்கிறது, வெள்ளையோ நீலமோ என்றால் எரிகிறது.

அதுவும் சரியாக இருந்தால் பயாஸுக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். வயர்லெஸ் லான் என்ற வரி டிசேபிளில் இருக்கலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்களில் இதை நிறையப் பார்க்கலாம். இன்னொன்றும் அவற்றில் உண்டு. கேபிள் செருகினால் வைஃபை தானாக அணையும்படி பயாஸில் அமைத்திருப்பார்கள். கேபிளை உருவிவிட்டுச் சோதியுங்கள்.

எந்த ஆண்டுக்குப் பிறகு வந்த லேப்டாப் என்றால் வைஃபை நிச்சயம் இருக்கும்?

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்ற தரம் 1997-இல் வந்தது. 1999 ஜூலையில் ஆப்பிள் தன் ஐபுக்கை அறிமுகப்படுத்தியபோது ஆன்டெனாவை உடம்புக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது, ஆனால் கார்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்களில் திருப்பம் வந்தது 2003 மார்ச்சில், இன்டெல்லின் சென்ட்ரினோவோடு. பிராசசர், சிப்செட், வைஃபை கார்டு மூன்றும் இன்டெல்லுடையதாக இருந்தால்தான் அந்தப் பெயர் கொண்ட ஸ்டிக்கரை ஒட்டலாம். ஆகவே அந்தக் காலத்து லேப்டாப்பில் கைவைக்கும் இடத்தில் சென்ட்ரினோ ஸ்டிக்கர் இருந்தால், வாங்கிய நாளில் அதில் வைஃபை இருந்தது என்று நம்பலாம்.

2008-க்குப் பிறகு வந்தவற்றில் வைஃபை இல்லாத லேப்டாப் அபூர்வம். அதற்கு முந்தையது என்றால் அடிப்பக்க லேபிளைப் பாருங்கள். டபிள்யூலான் என்ற சொல்லோ, வயர்லெஸ் கருவிகளுக்கான அமெரிக்க அனுமதியான எஃப்சிசி ஐடி என்ற எண்ணோ இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் ஒரே மாடலைக் கார்டு போட்டும் போடாமலும் விற்றிருப்பார்கள். கார்டைக் கழற்றி வேறு லேப்டாப்புக்கு மாற்றியிருக்கவும் கூடும். லேபிளை ஒரு தடயமாகத்தான் பார்க்க வேண்டும்.

போனில் தெரியும் "5ஜி" என்று முடியும் வைஃபை பெயர் லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் அதிகம் வருகிறது. ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. சில ரவுட்டர்கள் இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று ஒட்டிக்கொள்ளும். மொபைல் சிம்மின் 5ஜி-க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் லேப்டாப்பின் கார்டு 2.4 மட்டும் கேட்கும் வகையாக இருந்தால் அந்தப் பெயர் ஒருநாளும் தெரியாது. கார்டு பழுது இல்லை, அதன் எல்லை அது.

உங்கள் கார்டு எந்த வகை என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஒரு கட்டளை தட்ட வேண்டும். போனில் ஒருவருக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்: என், இ, டி, எஸ், எச்; ஓர் இடைவெளி; டபிள்யூ, எல், ஏ, என்; ஓர் இடைவெளி; ஷோ; ஓர் இடைவெளி; டிரைவர்ஸ். பிறகு என்டர். கார்டின் முழு விவரமும் வரும். அதில் "ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்" என்ற வரிதான் நமக்கு வேண்டியது. 802.11-க்குப் பின்னால் பி, ஜி, என் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4 மட்டும்தான். ஏ, ஏசி, ஏஎக்ஸ் இவற்றில் ஒன்று இருந்தாலும் 5 கிகாஹெர்ட்ஸும் எடுக்கும். பெட்டிகளில் வைஃபை 4 என்று போடுவது 2009-இல் வந்த என், வைஃபை 5 என்பது ஏசி, வைஃபை 6 என்பது ஏஎக்ஸ். இந்த எண் வைத்த பெயர்களெல்லாம் 2018-இல்தான் வந்தன, அதனால் பழைய லேப்டாப்பின் பெட்டியில் அவற்றைத் தேடாதீர்கள்.

அந்தக் கட்டளைக்குப் பதிலாக, வயர்லெஸ் இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லை என்று வந்தால் விண்டோஸின் கண்ணுக்குக் கார்டு தெரியவில்லை. "ஆட்டோகான்ஃபிக் சர்வீஸ்" ஓடவில்லை என்று வந்தால் விஷயமே வேறு. சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் "டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக்" என்பதை ஸ்டார்ட் செய்து, ஆட்டோமேட்டிக்கில் வைத்துவிடுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதைதான். பல போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் திறக்கின்றன. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தையதும் என்றால் "மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்ற பொத்தானை ஆன் செய்தால் அதுவே 2.4-க்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கொண்டுவந்த லேப்டாப். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது தெரியவில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல்கள் என்ற உட்பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். அமெரிக்காவில் பொதுவாக அதில் 1 முதல் 11 வரையுள்ள சேனல்களைத்தான் பயன்படுத்துவார்கள். இந்தியாவில் 13 வரை உண்டு. அங்கே விற்பதற்கென்று அமைத்த சில கார்டுகள் 12, 13 சேனல்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் ரவுட்டர் "ஆட்டோ"வில் இருந்து 13-க்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலையாக வைத்துவிடுங்கள், லேப்டாப்பில் உடனே தெரியும்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி. ஆனாலும் இணைய மறுக்கிறது.

ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருக்கிறதா பாருங்கள். அது 2018-இல் வந்தது, பழைய கார்டுகளுக்கு அந்த மொழி தெரியாது. டபிள்யூபிஏ2-வும் 3-ம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். லேப்டாப்புக்காகப் பாதுகாப்பையே எடுத்துவிட்டுப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைப்பது மட்டும் கூடவே கூடாது.

புளூடூத் வேலை செய்கிறது, வைஃபை இல்லை. இது எப்படி?

லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே கார்டில்தான் இருக்கும். ஆனால் புளூடூத் பகுதி உள்ளே யுஎஸ்பி இணைப்பிலும் வைஃபை பகுதி வேறு இணைப்பிலும் ஓடுவதால், ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். இந்த நிலையைப் பார்த்தால் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது என்பதற்கு புளூடூத்தே சாட்சி. டிரைவரையும் பயாஸையும் பாருங்கள்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வைஃபை எடுக்கிறது. கார்டு போய்விட்டதா?

கார்டு நன்றாகவே இருக்கும். ஆன்டெனா வயரைச் சந்தேகப்படுங்கள்.

என் அக்கா மகளின் லேப்டாப்பில் இது நடந்தது. மூடியின் கீல் உடைந்து ஒரு கடையில் சரிசெய்து வாங்கினாள். அதன்பிறகு ஹாலில் ரவுட்டர் மேசையருகே முழு சிக்னல், அறைக்குள் நான்கடி வைத்தால் ஒன்றுமில்லை. "மாமா, புது லேப்டாப்தான் வாங்கணும்போல" என்று முகம் வாடிப்போய்ச் சொன்னாள். அடிமூடியைக் கழற்றினேன். தபால்தலை அளவில் வைஃபை கார்டு, அதன் விளிம்பில் கடுகை விடச் சற்றே பெரிய இரண்டு பொன்நிற வளையங்கள். ஒன்றில் கறுப்பு வயர் மாட்டியிருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை. வெள்ளை வயர் கீல் பக்கம் மடங்கி, முனை மின்விசிறிக்கு அடியில் கிடந்தது. வளையத்தின் மேல் நேராக வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தியதும் "டிக்" என்று ஒரு சின்ன ஓசை. அறைக்குள் முழு சிக்னல் வந்தது. கழற்றி மாட்டியவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதற்காக ஒரு மாணவி மூன்று மாதம் ஹாலில் உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

லேப்டாப்பில் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து வயர்கள் கீல் வழியாகத்தான் கீழே கார்டுக்கு இறங்குகின்றன. கீலில் எந்த வேலை செய்தாலும், திரை மாற்றினாலும், லேப்டாப்பை வாங்கிய கையோடு அந்தக் கடையிலேயே நாலு எட்டுத் தள்ளிப் போய் வைஃபையைச் சோதியுங்கள்.

சிம் போடும் இடம் இருக்கிறது. அப்படியென்றால் வைஃபை இல்லாமலேயே நெட் வருமா?

அது வேறு கார்டு. டபிள்யூவான் என்பார்கள், மொபைல் டவரோடு பேசுவது. அலுவலக லேப்டாப்களில் சிம் செருகும் வாயை எல்லாவற்றிலும் வெட்டிவிட்டு, உள்ளே கார்டைக் கேட்டவர்களுக்கு மட்டும் போடுவது வழக்கம். சிம்மைச் செருகியும் செட்டிங்ஸில் "செல்லுலார்" என்ற வரி வரவில்லையென்றால் பெரும்பாலும் உள்ளே கார்டு இல்லை.

மேக்புக், லினக்ஸ் லேப்டாப்களில் எப்படிப் பார்ப்பது?

2006-இல் மேக்புக் என்ற பெயரில் வரத் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றிலும் வைஃபை உண்டு, எனவே கேள்வி கார்டு உயிரோடு இருக்கிறதா என்பதுதான். ஆப்ஷன் கீயை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்தால் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" வரும். அதில் நெட்வொர்க் என்பதன் கீழ் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். கார்டின் வகை தெரிந்தால் நலம். ஹார்ட்வேர் இல்லை என்று சொன்னால் கார்டோ அதன் இணைப்போ போயிருக்கிறது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து "ஐபி லிங்க்" கட்டளையைக் கொடுங்கள். வரும் பெயர்களில் டபிள்யூ, எல் என்ற எழுத்துகளில் தொடங்குவது வைஃபை. அது இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" கொடுத்துப் பாருங்கள். "ஹார்டு பிளாக்டு" என்பதற்கு நேரே யெஸ் என்றிருந்தால் மேலே சொன்ன சுவிட்சோ கீயோதான் காரணம். "சாஃப்ட் பிளாக்டு" என்றால் செட்டிங்ஸில் ஆன் செய்தால் போதும். பிராட்காம் கார்டுகள் லினக்ஸில் தனி டிரைவர் கேட்கும். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" பகுதியில் அது கிடைக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறேன். கடையில் எப்படிச் சோதிப்பது?

சென்னை ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, தெரிந்தவர் வீடோ, எங்கே வாங்கினாலும் கடைக்காரரின் வைஃபையில் இணைத்துக் காட்டினார் என்பதோடு திருப்தி அடையாதீர்கள். ரவுட்டர் தலைக்கு மேலேயே இருக்கும், ஆன்டெனா வயர் இல்லாத லேப்டாப்கூட அங்கே இணையும். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து லேப்டாப்பை இணையுங்கள். ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய் நில்லுங்கள். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தால் கார்டும் சரி, ஆன்டெனாவும் சரி. ஹாட்ஸ்பாட்டை 2.4-இல் ஒரு முறை, 5-இல் ஒரு முறை வைத்துப் பார்த்தால் அந்த விஷயமும் தெரிந்துவிடும்.

இன்னொன்று: யுஎஸ்பி போர்ட்களையும் பாருங்கள். ஒரு போர்ட்டில் சின்ன டாங்கிள் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். டாங்கிளோடு விற்பதில் தவறில்லை, ஆனால் உள்ளே இருக்கும் கார்டு வேலை செய்யாது என்பதற்கு விலையில் குறைத்துக் கேட்பது உங்கள் உரிமை.

விண்டோஸே இல்லாமல் விற்றால் உபுண்டுவைப் பென் டிரைவில் எடுத்துப் போய், "ட்ரை உபுண்டு" என்று இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். எந்தக் கடையிலும் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த லேப்டாப் வேண்டாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, உண்மையிலேயே கார்டு இல்லை. டாங்கிள் வாங்கவா, உள்ளே கார்டு போடவா?

பாடம் படிக்கவும் மெயில் பார்க்கவும் என்றால் டாங்கிள் போதும். 2.4 மட்டும் எடுப்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் தருமானால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு டூயல் பேண்ட் வாங்குவதுதான் என் யோசனை. அடுக்குமாடி வீட்டில் 2.4-இல் அத்தனை பேரின் இரைச்சலும் இருக்கும். செருகும் இடத்தையும் பாருங்கள். பக்கத்து யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அது 2.4-இல் குறுக்கிடும். டாங்கிளை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

உள்ளே கார்டு போடுவது அழகான தீர்வு, ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். முதலாவது ஸ்லாட். 2014 வாக்கிலான லேப்டாப்கள் வரை மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அதிகம், பிறகு 22-க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள எம்.2. ஒன்று மற்றதில் பொருந்தாது. இரண்டாவது, இன்டெல் கார்டுகளில் ஒரு பொறி உண்டு. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண எம்.2 கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க அதேபோல் இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் வேலையில் பாதியை இன்டெல் பிராசசர் பக்கம் தள்ளிவிடும் வகை. அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில்தான் ஓடும். ஏஎம்டி லேப்டாப்பில் ஓடாது. கடைசி எண் 1 என்றால் நின்று யோசியுங்கள். மூன்றாவது, சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் ஆன் ஆகவே மறுத்துவிடும். உங்கள் மாடலில் வேறு யாராவது அந்தக் கார்டைப் போட்டு ஓட்டியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

திறக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள் அல்லது அதன் இணைப்பை உருவிவிடுங்கள். உள்ளே முனையில் பிளாஸ்டிக் உறை போட்ட கறுப்பும் வெள்ளையுமான இரண்டு மெல்லிய வயர்கள் சும்மா கிடந்தால், தயாரித்தவர்கள் ஆன்டெனாவை வைத்திருக்கிறார்கள், கார்டு மட்டும்தான் வேண்டும். வயர்களே இல்லையென்றால் அந்த முயற்சியை விட்டுவிட்டு டாங்கிளுக்கே போங்கள், ஆன்டெனா இழுப்பது திரையைப் பிரிக்கும் வேலை.

வைஃபை இருக்கிறது, இணைந்தும்விட்டது. ஆனால் நெட் வரவில்லை.

அதே வைஃபையில் போனை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஏதாவது பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனில் வந்து லேப்டாப்பில் வரவில்லையென்றால் லேப்டாப்பில் அந்த இணைப்பை "ஃபர்கெட்" கொடுத்து மறுபடி இணையுங்கள், தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போய்விட்டால் வெப்சைட்டுகள் திறக்காது. போனிலும் வரவில்லையென்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு ரவுட்டரிடம் போங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, இணைப்புக் கொடுத்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.